அஃப்சானா முதலில் கேட்பது

கல்யாணப் பந்தி முடிந்து கை கழுவ நிற்கும் வரிசையில், மணப்பெண்ணின் சாச்சி போட்டிருக்கும் குர்தியின் விளிம்பை அஃப்சானா உட்புறமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாச்சி இன்னும் அந்தக் குர்திக்குள்தான் இருக்கிறார். "செத்த நேரம் ஆடாம நில்லுங்க சாச்சி" என்றபடி தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கிறாள். பிறகு குனிந்து முகர்கிறாள். "பிரியாணி வாசத்துல சாய வாசமே தெரியமாட்டேங்குது. எங்க எடுத்தீங்க?" சாச்சி பெருமையாகக் கடைப் பெயரைச் சொல்கிறார். "ரெண்டு சலவை தாங்கும். மூணாவதுக்கு அடுப்பு தொடைக்க வச்சுக்கங்க."

பேகம்பூர்வாசியான அஃப்சானாவுக்கு நாற்பது நெருங்குகிறது. சின்னதாகச் சொந்தப் பட்டறை வைத்து, தண்ணீரைக் கெடுக்காமல், தைப்பவர்களை வதைக்காமல் உடுப்பும் பையும் வடிவமைக்கிறவர்களை ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடித்து இன்ஸ்டாகிராமில் எழுதுகிறாள். அவ்வப்போது திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, அவர்களை எல்லாம் வரவழைத்துச் சந்தையும் போடுகிறாள். மண், வேர், விதை, தூறல் என்றுதான் அவர்கள் கடைக்குப் பெயர் வைக்கிறார்கள். "போர்டைப் பாத்துட்டு ஒரு விவசாயி உள்ள வந்து யூரியா கேட்டாரு" என்பாள்.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு மழை நாளில். அவுரிச் சாயம் என்று நம்பி வாங்கிய நீலக் குர்தியோடு பேருந்து நிலையத்தில் நனைந்தாள். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறும்போது கழுத்து, கை, காதுமடல் எல்லாம் நீலம். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை மறந்து கும்பிடப் போய்விட்டாராம். "இயற்கைச் சாயம்னுதான் வித்தான். அது இயற்கையாவே போயிருச்சு."

கணவர் மன்சூர் தோல் வியாபாரி. மனைவியின் ஆராய்ச்சியில் அவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. செடியிலிருந்து எடுத்த தோல் என்று சொல்லி யாரோ அனுப்பிய கைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "செடிக்கு என்னைக்கும்மா தோல் மொளச்சுச்சு? இது ரெயின்கோட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்றார். அஃப்சானா சிரித்து முடித்து, பையைத் திருப்பி அனுப்பினாள். வீட்டில் அவள் உடுத்துவது பிளாட்பாரத்தில் வாங்கிய பாலியஸ்டர் நைட்டி. கேட்டால், "டாக்டருக்குக் காய்ச்சல் வரக்கூடாதா?" என்பாள்.

ஆனால் துணி, தையல், சாயம் எல்லாம் அவளுக்கு இரண்டாவதுதான். எந்தப் பட்டறைக்குப் போனாலும் டீ வரும், மேஜைமேல் துணி விரியும், "தைக்கிறவங்க எல்லாம் எங்க குடும்பம் மாதிரி மேடம்" என்ற வசனம் வரும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்பாள். முதலாளி வீட்டுப் பக்கம் கை காட்டுவார். "இது வேணாம். குடும்பம் போறதைக் காட்டுங்க."

அங்கே தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் துணியைத் தொடுவாள். சில இடங்களில் துணியைத் தொடாமலே வண்டியை எடுத்திருக்கிறாள்.

இந்தச் சோதனையை அவள் வைக்காமல் விட்டது ஒரே ஒருவருக்கு. ஷைனி அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். 'இலைச்சாறு' என்ற பெயரில், மஞ்சிட்டியும் கடுக்காயும் கொண்டு சாயமேற்றிய கைத்தறி உடுப்புகளை விற்கிறாள். அஃப்சானா முதன்முதலில் ஊருக்கு அறிமுகப்படுத்தியது அவளைத்தான். துணிகளை எப்போதும் ஷைனியின் வீட்டில்தான் பார்ப்பாள். எரியோடு சாலையில் இருந்த தையல் கொட்டகைக்குப் போனதே இல்லை.

போன சந்தைக்கு முந்தைய வாரம், பேனருக்குப் படம் எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். பழக்கதோஷத்தில் பாத்ரூம் கதவைத் திறந்தாள். உள்ளே கூரை வரை சாய மூட்டைகள். தையல்காரர் புஷ்பமேரி மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "அது மூட்டைக்கும்மா. நாங்க காலையில ஒரு வாய் காப்பியோட சரி. பொழுது சாய வீட்டுக்குப் போயித்தான் தண்ணி குடிப்போம்."

அஃப்சானா ஒரு சட்டையை எடுத்து, அதில் தொங்கிய அட்டையை ஷைனிக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தாள். "'தைத்த கைகளின் மகிழ்ச்சி இதில் இருக்கிறது.' என்னடி இது? அடக்கிக்கிட்டு தச்ச மகிழ்ச்சியா?"

ஷைனியின் முகம் சிவந்தது. "மழையில நனைஞ்சா மொத்தச் சாயமும் போச்சு. வேற எங்க வைக்கச் சொல்ற?"

"உன் வீட்டு பாத்ரூம்ல வையி. நீ காலையில ஒரு வாய் காப்பி குடிச்சுக்க."

அதோடு பேச்சு நின்றது. புது பேனர் அடிக்க நேரமில்லை. அஃப்சானா பழைய பேனரைத் தரையில் விரித்து, ஷைனியின் சிரித்த முகத்தின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டினாள். ஒட்டிவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மன்சூர் கிண்டல் எதுவும் செய்யாமல் பசையை மூடி வைத்தார். அன்று மாலை ஷைனியின் குரல்பதிவு வந்தது: "நீ துணி பாக்க வந்தியா, கக்கூஸ் பாக்க வந்தியா?" அஃப்சானா "ரெண்டும்" என்று மட்டும் பதில் அனுப்பினாள்.

சந்தையில் ஷைனியின் மேஜை காலியாகவே கிடந்தது. வந்தவர்களெல்லாம் இலைச்சாறு எங்கே என்றுதான் கேட்டார்கள். தோழியைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை, பூசி மெழுகவும் வரவில்லை. அஃப்சானா வாயில் வந்ததைச் சொன்னாள்: "பட்டறையில பாத்ரூம் வேலை நடக்குதுங்க. முடிஞ்சதும் வருவாங்க."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் அக்கறையானவர்கள். ஷைனிக்குப் போன் மேல் போன். பாத்ரூம் முடிந்துவிட்டதா, டைல்ஸ் என்ன நிறம், இயற்கை முறையில் கட்டுகிறீர்களா என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் விசாரித்தார். கடைசியில் பங்குச்சாமியாரும் பூசை முடிந்து வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டார். நடக்காத வேலையை எத்தனை பேரிடம்தான் நடப்பதாகச் சொல்வது? மூட்டைகள் ஷைனியின் வரவேற்பறைக்குக் குடிபோயின. கொத்தனார் வந்தார்.

வேலை முடிந்த செய்தியைப் புஷ்பமேரி போனில் சொன்னார். மறுநாள் உச்சி வெயிலில் அஃப்சானா ஸ்கூட்டியில் கொட்டகைக்குப் போனாள். ஷைனி துணி வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அஃப்சானா நேராகப் பின்பக்கம் போய், சாவகாசமாக, ஈரக் காலோடு திரும்பி வந்தாள். மெஷின்கள் மட்டும் ஓடின. புஷ்பமேரிக்குப் பக்கத்தில் பிசிறு வெட்டாத சட்டைகள் குவிந்து கிடந்தன. அஃப்சானா தரையில் சம்மணமிட்டு, ஒரு சின்னக் கத்தரியை எடுத்து, தொங்கும் நூல்களை ஒவ்வொன்றாக நறுக்கத் தொடங்கினாள். குவியல் பாதியானது. ஷைனி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே, இன்னொரு கட்டுச் சட்டைகளை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.