உதட்டைப் பார்த்துக் கேட்டவள்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தபோது அவள் வாயில் தெளிவாக வந்த சொற்கள் ஒன்பது. அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பூ, வா, போ, சோற்றுக்கு மம்மம், பாலுக்கு வெறும் பா. மற்றதெல்லாம் குழறல். காக்காவைப் பார்த்தால் கையை நீட்டி "தாத்தா" என்பாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அதற்காக அவளிடம் பொய்க் கோபம் காட்டுவார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிங்கப்பூரில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த நானும்தான் சிரித்தேன்.

நான் அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில், கிரைண்டர் மிஷினால் இரும்பைத் தேய்க்கிற கிரைண்டிங் வேலை பார்த்தேன். அவள் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறியவன். கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் என் மனைவியும் மகளும் மட்டும். அடுத்த வீட்டில் என் அக்கா.

முதல் வருஷத்தில் இருந்தே அவளுக்குச் சளி பிடித்தால் அது காதில்தான் வந்து நிற்கும். காய்ச்சலடிக்கும், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுவாள், இரண்டு நாளில் தலையணையில் மஞ்சளாகச் சீழ் ஒட்டியிருக்கும். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். அக்கா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் ஊற்றுவாள். ஒரு வாரத்தில் காது காய்ந்துவிடும். அடுத்த மாதம் மறுபடியும். காது ஒழுகுவது ஒரு சங்கதி, பேச்சு வராதது வேறொரு சங்கதி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். "எங்க பெரியவன் அஞ்சு வயசுலதான வாயத் தொறந்தான், இப்ப நிறுத்துறானா?" என்பாள் அக்கா. அந்தப் பேச்சு எனக்கும் வசதியாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம், அங்கன்வாடியில் இருந்து அவள் வந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். சிக்னல் சரியில்லை. படம் நின்று நின்று வந்ததால் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினேன். "பாப்பா, பந்து எங்க? அப்பாவுக்குக் காட்டு." பதில் இல்லை. மூன்று தடவை கேட்டேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிக்னல் வந்தது. கேமராவைப் போட்டு அதே கேள்வியைக் கேட்டேன். ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்தாள்.

அப்போதுதான் அவள் கண்களைக் கவனித்தேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கிரைண்டர் ஓடும்போது எங்கள் இடத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. காதில் அடைப்பான் வேறு. ஒருவன் வாயை மற்றவன் பார்த்துத்தான் 'தண்ணி', 'தூக்கு', 'நிறுத்து' எல்லாம் புரிந்துகொள்வோம். நாள் முழுக்க நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை அது. சத்தமே இல்லாத எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் மகள் ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்?

மறுநாள் வேண்டுமென்றே சோதித்தேன். துண்டால் வாயை மூடிக்கொண்டு "பூ எங்க?" என்றேன். விழித்தாள். துண்டை எடுத்துவிட்டுக் கேட்டேன். சுவர் ஓரமிருந்த செம்பருத்தியைக் காட்டினாள். நாலு நாள் இப்படிச் செய்து பார்த்தேன். நாலு நாளும் அதேதான். அவளுடைய ஒன்பது சொற்களையும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எல்லாமே உதடு காட்டிக்கொடுக்கிற சொற்கள். 'காக்கா' என்று சொன்னால் உதட்டில் என்ன தெரியும்? அவள் பாவம், பார்க்க முடிந்ததை மட்டும் படித்திருக்கிறாள்.

மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எம் புள்ளைக்குக் காது கேக்காதுங்கிறீங்களா? தட்டு விழுந்தா திரும்புறா, பட்டாசுக்கு ஓடியாறா. அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு எதையாச்சும் சொல்லாதீங்க."

"கேக்காதுங்கல புள்ள. சரியாக் கேக்குதான்னுதான் கேக்குறேன். எங்க கம்பெனியில வருசா வருசம் எங்களுக்குக் காதுக்கு டெஸ்ட் எடுப்பாங்க. அது மாதிரி ஒண்ணு பாத்துருவோமே."

போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"அவ வெளையாடிக்கிட்டு இருக்கயில பின்னாடி நின்னு மெதுவா 'பிஸ்கட்டு வேணுமா'ன்னு கேட்டேங்க. பத்து தடவ கேட்டேன். திரும்பவே இல்ல. புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிட்டேன்."

என் மனைவி பத்தாவது வரை படித்தவள். வெளி ஆட்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு வேர்த்துவிடும். பேங்கில் ஒரு சின்னச் சந்தேகம் கேட்பதென்றாலும் போனைப் போட்டு, "நீங்களே பேசுங்க" என்று எதிரில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவாள். அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டு, காது மூக்கு தொண்டை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

டாக்டர் ஒரு பெண். காதுக்குள் பார்த்துவிட்டுச் சோதனை அறைக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் நுழையாத சின்ன அறை. பிள்ளை கையில் ஒரு கட்டை, முன்னால் ஒரு டப்பா. சத்தம் கேட்கும்போதெல்லாம் கட்டையை டப்பாவில் போட வேண்டும். அதை ஒரு விளையாட்டாக முதலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய சத்தத்துக்கு டக்கென்று போட்டுவிட்டுக் கை தட்டியிருக்கிறாள். அப்புறம் சத்தம் குறைந்தது.

"எனக்குக் கேட்டுச்சுங்க," என்றாள் மனைவி. "நல்லாவே கேட்டுச்சு. அவ கட்டையக் கையில வச்சுக்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் சொல்லிறக் கூடாதுல்ல, அதான் பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

டாக்டர் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாராம்: "செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்துக்கிட்டு நிக்குதும்மா. கஞ்சி மாதிரி கெட்டியாயிருச்சு. கொளத்துல முங்கிக்கிட்டு இருக்கயில கரையில ஒருத்தர் பேசுனா எப்படிக் கேக்கும்? பிள்ளைக்கு ரொம்ப நாளா அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. காதுல விழாத எழுத்து வாயில எப்படி வரும்? இது சரி பண்ணக்கூடியதுதான். எண்ணெய் மட்டும் இனிமே ஊத்தாதீங்க."

சிலருக்கு அந்த நீர் தானாக வற்றிவிடும் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் பிள்ளைக்கு வற்றவில்லை. பிறகு மயக்கம் கொடுத்து, இரண்டு செவிப்பறையிலும் அரிசி மணியளவுகூட இல்லாத ஒரு குழாயை வைத்தார்கள். மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காதான் கூட இருந்தாள். தான் ஊற்றிய எண்ணெயை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டவளை என் மனைவி, "நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க அண்ணி, அழுகாதீங்க" என்று தேற்றியிருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்து அவர்கள் ஊருக்குத் திரும்புகிற அன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்காரர் ஏர் ஹாரனை அமுக்கினார். என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதாள். அந்த ஹாரன் அவளை அதற்கு முன்னால் ஒன்றும் செய்ததில்லை. பிள்ளை அழ அழ, தாயும் அத்தையும் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். சுற்றி நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

காது திறந்ததும் பேச்சு கொட்டிவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அப்படி நடக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தப்பாகக் கேட்டுத் தப்பாகப் பழகிய நாக்கு. வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் போய் வர அரை நாள் ஆகும். ஒரு வாரம்கூட என் மனைவி விடவில்லை. பயிற்சி கொடுத்த அம்மா சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் மிச்ச ஆறு நாளும் செய்தாள். 'க' வருவதற்குப் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து வாயைத் திறந்து சொல்லச் சொல்வாள். பல் விளக்கும்போது தொண்டையில் தண்ணீரை வைத்துக் கொப்பளிக்கச் சொல்லி, "அந்த எடந்தான், அந்த எடத்துல இருந்து சொல்லு" என்பாள். கத்தரிக்காய் நறுக்கினால் கத்தரிக்காய், சீப்பு எடுத்தால் சீப்பு. குழம்பு கொதித்தாலும் அது ஒரு பாடம்தான்.

என் பங்குக்கு நான் தினமும் பத்து சொற்கள் வைத்திருப்பேன். வாயைத் துண்டால் மூடிக்கொண்டுதான் சொல்வேன். அவள் காதால் மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் அறையில் இருந்த வங்காளதேசத்து நண்பர் ஒருவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து 'கிழங்கு' சொல்லப் பார்ப்பார். அவருக்கு ழ வரவே வராது. என் மகள் விரலை ஆட்டி அவரைத் திருத்துவாள், அவளுக்கும் அது வராத காலத்திலேயே.

நாலாவது மாதத்தில் ஒருநாள் நான் போனை எடுத்ததும், வணக்கம் சொல்வது மாதிரி, "அப்பா, காக்கா!" என்றாள். சுத்தமான காக்கா. நான் வேலை உடுப்போடு டார்மிட்டரி வாசலில் நின்று அதையே ஏழெட்டுத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பின்னால் மனைவி, "போதுங்க, தொண்ட காஞ்சிரும்" என்றாள்.

அவளுக்கு ஐந்து வயது ஆனபோது லீவில் வந்தேன். குழாய்கள் தாமாகவே விழுந்துவிட்டிருந்தன. மறு சோதனையிலும் காது நன்றாக இருந்தது. வந்த மூன்றாம் நாள் நானும் மகளும் டவுன் பஸ்ஸில் போனோம். ஒரே கூட்டம், ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் எங்களுக்குப் பின்னால் எங்கோ நின்று, "டிக்கெட் வாங்காதவங்க யாரு?" என்றார். நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் திருப்பாமலேயே சத்தமாகச் சொன்னாள்: "கறம்பக்குடி ஒண்ணுங்க! எனக்கு டிக்கெட்டு கெடையாது, அஞ்சு வயசுதான் ஆவுது!"

கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "வாய் சாஸ்திதான்" என்றார். அந்தச் சொல்லை என் மகளைப் பார்த்து ஒருவர் சொல்லிவிட்டார். அந்த டிக்கெட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த லீவில் நான் கண்ட பெரிய காட்சி அது இல்லை. அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம் நடந்தது. டீச்சர் என் மனைவியைப் பேசக் கூப்பிட்டிருந்தார். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நான் வேப்பமரத்தடியில் நின்றேன். முப்பது பெண்கள் முன்னால் எழுந்து நின்றவள் முதலில் சேலைத் தலைப்பைத் திருகினாள். இரண்டு வாக்கியம் தடுமாறினாள். பிறகு நிற்கவே இல்லை.

"காது ஒழுகுனா அது காதோட போயிராதுங்க. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். புள்ள வெளையாடும்போது பின்னாடி நின்னு மெதுவாக் கூப்பிட்டுப் பாருங்க. ஒரு தடவ இல்ல, பல நாளு கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலன்னா டாக்டர்ட்ட காட்டுங்க. தானாப் பேசும்னு ஒக்காந்திருக்காதீங்க."

யாரோ எண்ணெயைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னாள். ஆபரேஷன் பண்ணினால் பயமில்லையா என்று கேட்டார்கள். "பயந்தான்" என்றாள். "பயந்துக்கிட்டேதான் போனேன்." கடைசியில் மூக்கு ஒழுகுகிற பையனை இடுப்பில் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் வீட்டுக்காரரும் வெளிநாட்டில். எந்த பஸ், எந்த ஜன்னல், என்னைக்கு டாக்டர் இருப்பாங்க என்று கேட்டாள். என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வியாழக்கெழம காலையில ரெடியா இருங்க, நானே கூட வாரேன்" என்றாள்.

வியாழக்கிழமை இருவரும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒழுங்காக வகிடு எடுக்கவில்லை என்று அவள் வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.