குடிக்காத சாம்சன்

சாம்சன் குடிக்கமாட்டான். பீடிகூடப் பிடிக்கமாட்டான். ஆனால் கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் யாரிடம் அவனை விசாரித்தாலும், "யாரு, அந்தக் கிரேன் ஓட்டுற குடிகாரனா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். ஒருவனுக்குப் பட்டம் கட்டுவது என்று ஊர் தீர்மானித்துவிட்டால் அதற்கப்புறம் யார் சாட்சி கேட்கப் போகிறார்கள்?

அவனுடைய அப்பா அம்மா சோழவரம் பக்கம் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரன் சாம்சன்தான். சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, மூன்றே வருடத்தில் கிரேன் ஆபரேட்டர் ஆனான். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டிகளைத் தூக்கி இடம் மாற்றுகிற வேலை. நிரந்தர வேலை. அதை நம்பித்தான் பன்னிரண்டாவது படித்த ஹெலனை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார் மாமனார் பாக்கியநாதன்.

கல்யாணமான மறு வருடம், தொண்ணூற்றைந்தில், அவனுக்குத் தூக்கம் வந்தது. சாதாரணத் தூக்கமா அது! சோற்றில் கை வைத்தபடியே தூங்குவான். வேலைக்குப் போக ரயிலேறினால் கும்மிடிப்பூண்டியைக் கோட்டைவிட்டு ஆந்திராவில் சூலூர்ப்பேட்டையில் போய்க் கண் விழிப்பான். அதுகூடப் பரவாயில்லை. சிரித்தால் கால் முட்டி கழன்றுகொண்ட மாதிரி மடங்கி, பொத்தென்று விழுவான். ஒரு நாள் கேன்டீனில் யாரோ சொன்ன கதைக்குச் சிரித்து, சாம்பார் சாதத் தட்டோடு தரையில் கிடந்தான். அன்றைக்குக் கட்டினார்கள் அந்தப் பட்டத்தை.

செக்யூரிட்டி வாயை ஊதச் சொன்னால் ஒரு வாடையும் வராது. "வாசன வராத சரக்கு எங்க கெடைக்குது, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேலி பேசினார்கள். ஹெலனும் பல நாள் அவன் உதட்டருகே முகர்ந்து பார்த்திருக்கிறாள். சர்ச்சில் குடியைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் போதகர் ஐயரின் பார்வை மூன்றாவது வரிசைக்கே வரும். சாம்சன் மூன்றாவது வரிசையில்தான் உட்காருவான். நாளாக ஆக அவன் சிரிப்பதை விட்டுவிட்டான். உர்ரென்று இருக்கிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று ஹெலன் தனக்குள்ளேயே மருகினாள்.

கம்பெனி அவனை மூன்று தடவை சஸ்பெண்டு செய்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று நாள், ஒரு மெமோ, மறுபடி கூண்டு. கடைசித் தடவை, இரண்டாயிரத்து ஆறில், அவன் கண்ணயர்ந்த ஒரு நொடியில் இரும்புக் கட்டி கீழே நின்ற சுப்பராயனுக்கு ஒரு முழம் தள்ளி இறங்கியது. சுப்பராயன் அவனோடு வேலைக்குச் சேர்ந்த சிநேகிதன். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்த சாம்சன், "சுப்பராயனக் கொன்னிருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்போதுதான் ஹெலனுக்கு உறைத்தது, இது குடியுமில்லை, சோம்பலுமில்லை என்று.

இ.எஸ்.ஐ. டாக்டர் கீழ்ப்பாக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு எழுதிக்கொடுத்தார். மாடியில், படிப்பில் கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு வைத்தியம். கீழே, தூக்கம் வராதவர்களுக்கும் தூக்கத்தை அடக்க முடியாதவர்களுக்கும். ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். விடிந்த பிறகும் விடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், மொத்தம் ஐந்து தரம், "படுத்துத் தூங்குங்க" என்றார்கள். பகலில் தூங்கு என்று ஒருவர் அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐந்து தரமும் இரண்டு நிமிஷத்துக்குள் தூங்கிப்போனான்.

டாக்டர் ஷமீமா பழவேற்காட்டுக்காரர். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சிரிச்சா முட்டி மடங்குதா?"

சாம்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு மேடம் சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்த வியாதி அப்படித்தான். கீழ விழுந்தாலும் நெனப்பு இருக்கும். சுத்தி நிக்கறவங்க பேசறதெல்லாம் காதுல விழுமே?"

"விழும் மேடம். எல்லாம் விழும்."

ஹெலன் அவன் பக்கம் திரும்பினாள். "அதனாலதான் நீங்க சிரிக்கறதே இல்லியா?"

அவன் தலையாட்டினான். பதினொரு வருடம் தன்னைப் பிடிக்காமல்தான் சிரிக்கவில்லை என்று நினைத்திருந்தவள், அந்த அறையிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நோயின் பேர் நார்கொலெப்சி என்றார் டாக்டர். முழுசாகக் குணமாகாது, மாத்திரையில் ஓரளவு அடங்கும், பகலில் சின்னத் தூக்கம் போடவேண்டும். சாம்சன் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் குடிக்கறவன் இல்லன்னு எழுதிக் குடுங்க மேடம்."

"எழுதறேன். ஆனா கிரேன்ல ஏறக்கூடாதுன்னும் எழுதியாவணும். கம்பெனில குடுக்கறதுக்கு முன்னாடி யூனியன்ல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

'எழுதறேன்' என்ற முதல் வார்த்தையோடு அவன் காது அடைத்துக்கொண்டது. ஸ்டேஷன் அருகே ஜெராக்ஸ் கடையில் ஐந்து நகல் எடுத்தான். ஒன்றை லேமினேட் செய்து வீட்டில் மாட்டினான். ஐயருக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று, சுப்பராயனுக்கு ஒன்று, கையில் ஒன்று. அசல் கடிதத்தைக் கம்பெனியில் கொடுத்தான். ஐயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. வருடக்கணக்காக வாசல் மிதிக்காத பாக்கியநாதன் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து, "தப்பா நெனச்சிக்கினேன் மாப்ளே" என்றார். அந்த ஒரு வாரம் சாம்சன் தலை நிமிர்ந்து நடந்தான். பாவி மனுஷன், அந்த ஒரு வாரம்தான்.

எட்டாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உடல் தகுதி இல்லாததால் பணியிலிருந்து விடுவிக்கிறார்களாம். கீழ்வேலை எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் போய்விட்டதால் மாற்று வேலையும் இல்லையாம். என்ன நியாயம் பாருங்கள். குடிகாரனுக்கு அந்த ஆலையில் இடம் இருந்தது, தெளிந்தால் திரும்ப வரலாம். நோயாளிக்கு இடம் இல்லை.

சாம்சன் இரண்டு நாள் பாயைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் காலையில், "ஹெலனு, ஒரு லெட்டர் எழுது" என்றான்.

"இன்னான்னு?"

"குடிச்சிட்டு வேலைக்கு வந்தேன், அத மறைக்க டாக்டர்கிட்ட பொய் சொல்லி லெட்டர் வாங்கனேன், மன்னிச்சி மறுபடி சேத்துக்கோங்கன்னு எழுது."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வேணாங்க. இத்தினி வருஷம் கழிச்சி இப்பதான்..."

"ஊட்ல அடுப்பு எரியணுமா வேணாமா?"

அவள் எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. அவன் கையெழுத்துப் போட்டான். இருவருமாகக் கம்பெனிக்குப் போனார்கள். ஆபீசர் அறை வாசல் பெஞ்சில் ஹெலன் உட்கார, அவன் உள்ளே போனான்.

பர்சனல் ஆபீசர் அருணாச்சலம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"டாக்டரம்மாகிட்ட நானே போன்ல பேசினேன் சாம்சன். நீ ஒரு நாளும் குடிச்சதில்ல. மூணு தடவ உனக்கு மெமோ அடிச்சவன் நான். என்னை மன்னிச்சுடு. ஆனா கீழ ஆள் நிக்கறாங்க, உன்னை நான் மேல ஏத்த முடியாது."

யாராவது சொல்லமாட்டார்களா என்று பதினொரு வருடம் அவன் ஏங்கியதை, அந்த ஆலையில் மெமோ அடிக்கிற மனிதரே சொல்லிவிட்டார். சாம்சன் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல சார். நான் குடிப்பேன். கேன்டீன்ல கேளுங்க, கேட்டாண்ட செக்யூரிட்டியக் கேளுங்க. எல்லாருக்கும் தெரியும்."

அருணாச்சலம் கடிதத்தை மடித்து அவன் பக்கம் நகர்த்தினார். வெளியே பெஞ்சிலிருந்த ஹெலன் எழுந்து கதவருகே வந்தாள்.

"ஆமா சார்" என்றாள். "டெய்லி குடிப்பாரு."