தறி வீட்டுப் பிள்ளையின் காது

அருப்புக்கோட்டையில் தறி ஓடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் சீக்கிரமே இரண்டு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒன்று, கத்திப் பேசுவது. இன்னொன்று, கத்தியும் கேட்காமல் கையால் பேசுவது. நான் எம்.ரெட்டியபட்டிப் பருத்திக் காட்டிலிருந்து வந்தவள். பிறந்த வீட்டுக்குப் போனால் என் தம்பி வாசலிலேயே மறித்து, "மெதுவாப் பேசுக்கா, ஆடு மிரளுது" என்பான்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டுவாள். சோறு போதுமென்றால் உள்ளங்கையை நீட்டி மறிப்பாள். வாயைத் திறந்து ஒரு சொல் கிடையாது. முன்பெல்லாம் 'தத்தத்தா' என்று மழலை பேசிக்கொண்டிருந்தவள், அதையும் நிறுத்திவிட்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்னால் போய்ப் பேசினால் என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பாள். காது கேட்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். இந்த வீட்டுக்காரர்களுக்கோ பெருமை பிடிபடவில்லை. "கையாலயே என்னமாப் பேசுது பாரு! தறி ஓடுறப்பவும் எப்பிடி அசந்து தூங்குது! நம்ம ரத்தம்ல!" என்பார் என் வீட்டுக்காரர்.

அவருடைய தங்கச்சி, அதாவது என் நாத்தனார், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தினமும் ஆறுதல் சொல்ல வந்துவிடுவாள். "எங்க அண்ணன் மூணு வயசு வரைக்கும் பேசலையாம் மதினி. இப்ப அவுக வாய மூட முடியுதா?" அண்ணனுக்கு மூன்று வயதானபோது இவள் பிறக்கவே இல்லை. சாட்சி சொல்ல வந்துவிட்டாள்! ஒருநாள் என் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லி, பிள்ளைக்குப் பின்னால் சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போட்டாள். பிள்ளை சட்டென்று திரும்பியது. "பாத்தீகளா? பாம்புக் காது!" என்று காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே, பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். தறிகள் ஓய்ந்தன. குக்கர் விசிலடித்தது. கட்டில் மெத்தையில் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்த மகள் அசையவில்லை. நான் அதே தட்டை எடுத்து, அவள் முதுகுக்குப் பின்னால் அந்தரத்தில் பிடித்துக் கரண்டியால் அடித்தேன். தெருநாய் குரைத்தது. எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தா, கிரகணமா?" என்றாள். மகள் திரும்பவில்லை. அவளைத் தரையில் இறக்கி உட்காரவைத்து, தட்டைப் பின்னால் போட்டேன். திரும்பினாள். தரை அதிர்ந்ததற்குத் திரும்பியிருக்கிறாள், சத்தத்துக்கு இல்லை. தட்டை எடுக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"ரெண்டு மாசம் பாப்போமே" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு நாள்கூடப் பாக்க மாட்டேன். நீங்க வந்தா வாங்க. இல்லன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு மதுரை பஸ்ஸு ஏறிப் போறேன்." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

மதுரையில் காது டாக்டரம்மா, பிள்ளை தூங்கும்போதுதான் சோதிக்க முடியும், தூங்கவையுங்கள் என்றார். பால் கொடுத்தேன். தோளில் போட்டுத் தட்டினேன். தாலாட்டும் பாடினேன், அது அவளுக்குக் கேட்டால்தானே! தறியின் ஆட்டம் இல்லாத அந்த இடத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரருக்குத்தான் பொறி தட்டியது. அவளை மடியில் கிடத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தறி ஓடும் வேகத்தில் இரண்டு காலையும் உதறத் தொடங்கினார். பெஞ்சு கடகடத்தது. அதன் மறுமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்த திருச்சுழிப் பெரியவர் ஒருவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏப்பா, என்னப்பா செய்யுற?" என்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கய்யா. தறி ஓடுது" என்றேன் நான். பிள்ளை அசந்து தூங்கிவிட்டாள்.

இரண்டு காதுமே சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. காதில் மிஷின் மாட்டிப் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் பேச்சு வர நல்ல வாய்ப்பிருக்கிறது, தள்ளிப்போட்டிருந்தால் சிரமமாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தார்.

மிஷின் மாட்டும் நாளும் வந்தது. மகள் டாக்டரம்மா மடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். மிஷினை மாட்டிவிட்டு, "யாராவது ஒருத்தர் மெதுவாப் பேசுங்க" என்றார் அவர்.

"நான் பேசுறேன்" என்றேன்.

"நீ வீட்ல பேசிக்க. நாந்தான் பேசுவேன்" என்றார் இவர்.

"பத்து மாசம் சுமந்தது நீங்களா நானா?"

"மெதுவாப் பேசச் சொன்னாக, எதுக்கு இப்பிடிக் கத்துற?"

"நானா கத்துறேன்? ஊருக்கே கேக்குது உங்க..."

மகள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். வாயை அல்ல, கண்ணை.

"நிறுத்தாதீங்க, பேசுங்க, பேசுங்க!" என்றார் டாக்டரம்மா. அவ்வளவு நேரம் கத்திய எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை.

மகள்தான் "ஆ" என்றாள். சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று மிரண்டு அங்குமிங்கும் தேடினாள். பிறகு, மெதுவாக, மறுபடியும் "ஆ" என்றாள்.