ஒரு அடி நிலம்

மாமா டீக்கடை திறந்த அன்று அங்கே இருந்தவர்கள் நான்கே பேர்: மாமா, அவர் மனைவியான என் அக்கா, மனை வாங்கிக்கொடுத்த தரகர், நான். கருவடிக்குப்பத்தைத் தாண்டிப் புதிதாகப் போட்ட நகரில் கடைசி வீடு அது. அடுத்து ஒரு செங்கல் சுவர். தெரு அதோடு முடிந்துவிட்டது. “இது முட்டுச்சந்து இல்லீங்க. செவுரு எடுத்துட்டா ரோடு நேரா போயிடும். தட்டாஞ்சாவடி கம்பெனி ஆளுங்க அத்தினி பேரும் உங்க கடை வாசல்லதான் போவாங்க” என்றார் தரகர். “அதுவரைக்கும் செவுத்துக்குத்தான் டீ ஆத்தணும்” என்றாள் அக்கா. மாமாதான் முதலில் சிரித்தார்.

அவர் டவுனுக்குள் பிறந்து வளர்ந்தவர். அங்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும் குறுக்கே இன்னொரு தெரு வரும். திரும்பினால் கடற்கரைக்கோ மார்க்கெட்டுக்கோ போய்விடலாம். தெரு என்றாலே அப்படித்தான் என்று நம்பி, மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் முழுவதையும் அந்த வீட்டிலும் முன்பக்கக் கடையிலும் போட்டுவிட்டார். நான் எட்டாவதோடு நின்றவன். எதற்கும் பயப்படுகிற புத்தி வேறு. தீப்பிடித்தால் வண்டி எங்கே திரும்பும் என்றுதான் எனக்கு யோசனை.

விவரம் பிறகுதான் தெரிந்தது. தெரு முடிகிற இடத்தில் ஒரு அடி அகல நிலத்தை, மனை போட்டவர் விற்காமல் தன் பெயரிலேயே வைத்திருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் ரோட்டைச் சேர்க்க வேண்டுமானால் அந்த ஒரு அடிக்கு இவர் சொல்கிற விலையைக் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்க மறுத்துவிட்டார். சுவர் நின்றது.

சுவருக்கு அப்பால் காலையில் கம்பெனிக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும். மாமா ஸ்டூல் மேல் ஏறி, “டீ வேணுமாப்பா?” என்று கூப்பிட ஆரம்பித்தார். “யோவ், தலை மட்டும் தெரியுது, உடம்பு இருக்குதா?” என்று கிண்டல் செய்துகொண்டே வாங்கிக் குடித்தார்கள். சில மாதம் அடுப்பு அணையாமல் எரிந்தது. பிறகு அந்தப் பக்கமும் மனை போட்டார்கள். சுவரை உயர்த்தி, மேலே பாட்டில் சில்லுகளைப் பதித்தார்கள். கடை மூடிக்கிடந்தது.

கடைசியில் மாமாவுக்குக் கிடைத்த வேலை, சுவருக்கு அந்தப் பக்கத்து நகரில் வாட்ச்மேன். தன் வீட்டு மொட்டைமாடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, அந்தச் சுவரில் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போக, மெயின்ரோட்டுக்கு வந்து ஊரையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இப்போது கோரிமேடு வரைக்கும் இப்படித்தான்: நகருக்குப் பக்கத்தில் நகர், நடுவில் சுவர்.

ஒரு நாள் மதியம் நான் அங்கே போயிருந்தேன். முழங்கால் வலியோடு சுவரோரம் நின்று அக்கா குரல் கொடுத்தாள். “ஏங்க, சோத்தை மாடிலேர்ந்து கயிறு கட்டி எறக்கட்டுமா?”

“வேணாம்டி. யாராவது பாத்தா வேல போயிடும். சுத்திக்கினு வா.”

நான் தூக்கை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மெயின்ரோட்டுப் பக்கம் திருப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமுவது, பக்கத்தில் நின்று இருமுவதுபோலக் கேட்டது.