அக்கா நம்பாமலே போய்வந்த வகுப்பு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம். அக்கா எதையும் எளிதில் நம்பமாட்டார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பால்காரர் முதல் ஜோசியர் வரை அவருடைய கேள்விக்குத் தப்பியவர்கள் இல்லை. அதை மறைத்து நான் எழுதினால் இந்த நினைவு மலரையே அவர் நம்பமாட்டார்.

வத்திராயிருப்பில், நெல் விவசாயம் செய்த வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா நோயில் படுத்துவிட, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு நாற்று நடப் போனார். தங்கை நான் கல்லூரி வாசலை மிதித்தது அவருடைய உழைப்பால்தான். திருமணமாகி ராஜபாளையம் வந்தபின், பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் துணி பார்க்கும் வேலை கிடைத்தது. விளக்கடியில் துணியை விரித்து, இழை விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று தேடவேண்டும். அக்காவின் குணத்துக்கு ஏற்ற வேலை. இருபது வருடம் பார்த்தார்.

மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்து லேசாக உதிரம் பட்டது. உடம்புச் சூடு என்றார்கள். நானும்தான் சொன்னேன். அக்கா நம்பவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மதுரைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டார். கர்ப்பப்பையில் புற்றுநோய். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். அவர் சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அன்றே காலம் கடந்திருக்கும்.

வீடு திரும்பியபின் அதே சந்தேகம் அவரைத் தின்னத் தொடங்கியது. இடுப்பு வலித்தால் நோய் திரும்பிவிட்டது என்பார். நானும் அத்தானும் தாழ்ந்த குரலில் பேசினால், டாக்டர் சொன்ன எதையோ மறைக்கிறோம் என்பார். அத்தான் தம் பாயை முன்னறைக்கு மாற்றிக்கொண்டதுதான் அவரை அதிகம் வதைத்தது. தன்மேல் அருவருப்பு வந்துவிட்டதா, வேறு யாராவது உண்டா என்று என்னிடம் மட்டும் கேட்டார். உண்மையில், எனக்கும் அத்தான்மேல் சந்தேகம் விழுந்திருந்தது.

அப்போதுதான் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். இப்படி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு, மூச்சையும் உடம்பையும் மனதையும் கவனிக்கும் பயிற்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில், வியாழன்தோறும், இலவசமாக.

“சும்மா சொல்லித்தாராகன்னா கடைசில எதையாவது தலையில கட்டுவாக. நீயும் வா, பாத்துக்கிருவோம்” என்றார் அக்கா.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர். அக்கா உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து பார்த்தார். சாமியார் படமோ லேகிய டப்பாவோ இல்லை, பாய்கள்தான் இருந்தன. அப்படியும் மூன்று வாரம் கண்ணை மூடாமலே உட்கார்ந்திருந்தார். அடிவயிற்றில் கைவைத்துக் கவனிக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

“வெட்டி எடுத்த எடத்துல என்னத்தக் கவனிக்க?”

நர்ஸ் அம்மா வற்புறுத்தவில்லை. “கை வைக்க வேண்டாம்மா. என்னை நம்பவும் வேண்டாம். சந்தேகம் வந்தா வெரட்டாதீங்க. அது ஒடம்புல எங்க வந்து உக்காருதுன்னு மட்டும் பாருங்க. செத்த நேரம் பாத்துட்டு, பொறவு கேக்க வேண்டியவுககிட்ட நேரா கேளுங்க.”



அடுத்த ஞாயிறு மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு எழுந்த அத்தான் முன்னறைக்கு நகர்ந்தார். அக்காவின் முகம் இறுகியது. வழக்கமாக அந்த நேரத்தில் குத்தலாக ஏதாவது சொல்வார். அன்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, என்னையும் வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏங்க, என்னப் பாத்தா ஒங்களுக்கு அருவருப்பா இருக்கா?”

அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார்.

“தூக்கத்துல கை கால் பட்டு தையல் விட்டுப்போச்சுன்னா என்ன செய்ய? எம்புட்டு நாளைக்குத் தள்ளிப் படுக்கணும்னு யாருஞ் சொல்லல. பொம்பள டாக்டர்கிட்ட நான் எப்படிக் கேக்க?”

ஏழு மாதம் இருவரும் இதைப் பேசாமலே இருந்திருக்கிறார்கள். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?”

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த வியாழன் அத்தானும் வந்தார். நர்ஸ் அம்மா அவரைத் தனியே அழைத்து, கேட்கக் கூச்சப்பட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். முன்னறைப் பாய் உள்ளே போனது.

அதன்பின் நான்கு வருடம் நன்றாக இருந்தார். பிறகு நோய் நுரையீரலில் திரும்பியது. அந்தப் பயிற்சி நோயைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நர்ஸ் அம்மாவும் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. கடைசி வாரங்களில் அக்கா அமைதியாக இருந்ததைக்கூட நான் சந்தேகப்பட்டேன். எங்களுக்காக நடிக்கிறாரோ என்று கேட்டும்விட்டேன்.

“பயமாத்தான் இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கு, நாம்பாட்டுக்கு இருக்கேன்” என்றார். அதை நம்பினேன்.

அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவருக்கும், வகுப்பில் உடன் அமர்ந்த சகோதரிகளுக்கும், கடைசிவரை கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், நர்ஸ் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதைப் படிக்கும் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன்: மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டால், சூடு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையை அத்தானிடம் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நீக்கச் சொல்வார் என்று பயந்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இருக்கட்டும்மா. ஆம்பளைகளும் படிக்கட்டும்” என்றார்.