கயிற்றை இழுக்காத மத்தியானம்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தொண்ணூறுகளில், பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனி ஒன்றில் ட்ரே கழுவும் வேலை பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் பேச்சு வராது. ட்ரேக்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் பிழைப்பு ஓடியது.

சின்ன முதலாளி கோயமுத்தூரில் ஏதோ வகுப்புக்குப் போய் வந்தார். ஜப்பானில் கார் செய்யும் இடத்தில், தப்பைக் கண்டவர் யாரானாலும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாமாம். இழுத்தவரையும் திட்டமாட்டார்களாம், மெஷின்காரரையும் திட்டமாட்டார்களாம். அடுத்த வாரமே எங்கள் சுவரோரம் மஞ்சள் நைலான் கயிறு கட்டி, முனையில் மணியைத் தொங்கவிட்டார்.

"இனிக் குஞ்சுக்கெல்லாம் டயர் மாட்டித்தான் அனுப்புவாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் லோடு ஏற்றுகிறவர். எல்லோரும் சிரித்தோம்.

ஒரே ஒருமுறை மணி அடித்தது. சின்ன முதலாளி அடித்தவருக்குக் கை தட்டினார். நாங்கள் யாருடைய மெஷின் என்று திரும்பிப் பார்த்தோம். அந்த மெஷின்காரர் அன்றைக்குச் சோற்றுப் போசியைத் திறக்கவே இல்லை. அதன்பிறகு ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை. குறை கண்டால் சம்பந்தப்பட்டவரிடம் போய், "ஏனுங்ணா, கொஞ்சம் பாருங்க" என்று காதோடு சொல்லிவிடுவோம். அதுதான் மரியாதை.

கடைசி அறையில் முட்டை பொரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர், என்னை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட எங்கள் ஊர் அண்ணன். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல், மாப்பிள்ளை வீட்டாரோடு பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தார். ட்ரே எடுக்கப் போன நான் மெஷினில் காற்றாடி ஓடும் சத்தம் இல்லாததைக் கவனித்தேன். உள்ளே மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள். காற்று நின்றால் குஞ்சுகள் புழுங்கிச் செத்துவிடும். எனக்கு மெஷினைத் தொடத் தெரியாது. கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இழுத்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். அண்ணன் இல்லாதது தெரிந்துவிடும். பூத்துக்கு நடந்தேன். கண்ணாடிக் கதவுக்குள் அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தட்டக் கை வரவில்லை. முடித்து வரும்வரை வெளியே நின்றேன்.

விஷயத்தைச் சொல்லி, நானும் அண்ணனும் ஓடிப் போய் மெஷின் கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. முட்டைக்குள்ளிருந்து வரும் கீச்சுச் சத்தம் ஒன்றுகூட இல்லை.

"மணி அடிச்சிருந்தா யாரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டனுங்களே" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார் சின்ன முதலாளி. நான் முன்பே கண்டதை அண்ணன் வெளியில் சொல்லவில்லை. சின்னவருடைய அப்பா, பெரிய முதலாளி, அன்றைக்கே அண்ணனை வேலையைவிட்டு அனுப்பினார்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் அண்ணன் என் தோளைப் பிடித்தார். "மணி அடிக்காம என்னத் தேடி வந்தியே சாமி. நாலு பேர் முன்னால என்ற மானத்தக் காப்பாத்திப் போட்டே."

அவருக்காக மட்டும் நான் அடிக்காமல் இருக்கவில்லை. அடித்தால் எல்லோரும் முதலில் என்னைத்தானே பார்ப்பார்கள். அந்தக் கூச்சம்தான் கையைப் பிடித்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சரிங்ணா" என்று மட்டும் வந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.