கோவையிலையை நம்பியவர்

செபமாலை பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்கியவர். சீனி வருத்தம் வந்த பிறகும் வேலையை விடவில்லை. காலையும் மாலையும் மனைவி மெற்றில்டாதான் அவருக்கு வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுவிடுவாள்.

நாடே பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருஷம், கிளினிக்கில் இன்சுலின் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மெற்றில்டா கொட்டாஞ்சேனை முழுக்கப் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினாள். கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு றலியா சொன்னாள்:

"எங்கட வாப்பா சீனிக்குக் கோவையில சாப்பிட்டாரு. ரயில் ரோட்டு மதில்ல நெறைய ஈக்குது. பிச்சிட்டு வாங்களேன்."

மெற்றில்டா பை நிறையப் பறித்து வந்தாள். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினாள். மிச்சத்தைக் கஞ்சியில் கலந்தாள். அரிசி குறைந்த நாட்களில் புருஷனுக்கும் மகள் ஷெரோமிக்கும் அவளுக்கும் அந்தக் கஞ்சிதான் சாப்பாடு. செபமாலை மெலிந்துகொண்டே போனார். அரைவயிற்றுச் சாப்பாட்டில் சீனியும் சற்று இறங்கியிருந்தது. அதை அவர் இலையின் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

சில மாதங்களில் இன்சுலின் திரும்ப வந்தது. மெற்றில்டா சந்தோஷமாக ஊசியை எடுத்து வந்தாள். செபமாலை சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

"வேணாம். உன்ட இலைதான் என்னைக் காப்பாத்தினது."

"டொக்டர் போடச் சொல்றாரு."

"அண்டைக்கு இல்லையெண்டு திருப்பி அனுப்பினதும் அவர்தானே?"

மெற்றில்டா கெஞ்சினாள், அழுதாள். கடைசியில் கோவையிலை சமைப்பதையே நிறுத்திப் பார்த்தாள். அவர் தானே ரயில் பாதைக்குப் போய்ப் பறித்துப் பச்சையாக மென்றார். அங்கேதான் துருப்பிடித்த தகரம் ஒன்று அவர் பாதத்தைக் கிழித்தது. சீனியால் உணர்ச்சி செத்த கால், வலி தெரியவில்லை. அதே இலையை அரைத்து வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்வந்தார்.

நாற்றத்தை வைத்துத்தான் ஷெரோமி கண்டுபிடித்தாள்.

"அம்மா, அப்பாட காலைப் பாருங்க!"

துணியை அவிழ்த்தபோது பாதம் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. வார்டில் செபமாலை மனைவியைக் கண்டதும் சட்டையை மெல்ல உயர்த்தினார்.

"இப்ப போடு."

"நேர்ஸ் மிஸ் போட்டுட்டாங்க" என்றாள் மெற்றில்டா. அவர் சட்டையை விடவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த கிழமை அவர் இறந்தார்.

இலையைக் கொடுத்தே புருஷனைச் சாகடித்தாள் என்று சொந்தக்காரர் சிலர் கோயில் வாசலிலேயே பேசினார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. ஒருநாள் கத்தியோடு ரயில் பாதைக்குப் போய்க் கொடியை வேரோடு வெட்டப் பார்த்தாள். அது மதில் முழுக்கப் படர்ந்து, பல இடங்களில் வேர் விட்டிருந்தது. முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அன்றைக்குக் கறிக்கு ஒன்றும் இல்லை. எழும்பி, இளம் இலைகளாகப் பார்த்துப் பறித்து மடியில் கட்டினாள். அவ்வழியே வந்த ஒரு பெண் நின்று கேட்டாள்:

"சீனிக்கா அக்கா?"

"இல்ல. சோத்துக்கு."